பொன்னாடை மறைத்த முடிச்சு

போன மாதம் என் பழைய மாணவன் டில்லி என் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினான். 'உள்ளரங்கு ஏறுசுவர்ப் பயிற்றுநர்' என்று பொன்னிற எழுத்தில் அச்சடித்த சான்றிதழ். பெற்றவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவனுடைய மாமனார் பெயர் இருந்தது. மாமனாருக்கு மணிமங்கலத்தில் இரும்புக் கடை. முழங்கால் வலியால் கடையில் இருக்கும் ஸ்டூலில்கூட ஏறாதவர்.

பின்னாலேயே டில்லி அழைத்தான்.

"இப்பல்லாம் செல்லுலயே குடுத்துடுறானுங்கோ மேடம். வீடியோ பாத்துட்டு கேள்விக்கு டிக் அடிச்சா சர்டிபிகேட் வந்துடுது. சும்மா டெஸ்ட் பண்ணலாம்னு மாமனார் கைல குடுத்தேன். டீ குடிச்சிகினே பாஸ் பண்ணிட்டாரு. நீங்க எங்கள இன்னா பாடு படுத்துனீங்க. அத எழுதிக் குடுங்க மேடம். புதுசா வர்றவங்களுக்குப் படிச்சுக் காட்டணும்."

பாடு படுத்தினேன் என்பதை அவன் பாராட்டாகத்தான் சொன்னான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் பெயர் ரெஜினா. ஒரகடத்தில் ஓர் ஏறுசுவர் மையத்தில் பயிற்றுநர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தேர்வும் வைத்து, ஓய்வு பெற்றவள். இந்த வேலைக்கு நான் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது மலையேற்றப் பயிற்சிக்காக இமயமலை அடிவாரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே எங்களுக்குக் கயிறு சொல்லிக் கொடுத்த ஹவில்தார் இந்தி மட்டும் பேசுவார். எனக்கு அது தெரியாது. அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது என் பெயர் ஒன்றுதான். அதையும் தப்பாகத்தான் சொல்வார். அதனால் அவர் வாயைப் பார்க்காமல் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். திரும்பி வந்து படப்பைப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர் ஆனேன். ஒன்பதாம் வகுப்பின் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சருக்கும், பத்தாம் வகுப்பின் பி.டி. பீரியடை அறிவியல் டீச்சருக்கும் விட்டுக்கொடுப்பதுதான் அங்கே என் முக்கியப் பணி. பல ஆண்டுகள் அதைக் குறைவில்லாமல் செய்தேன்.

அப்போதுதான் ஒரகடத்தில், கார் சீட்டுகள் அடுக்கி வைத்திருந்த பழைய கிடங்கு ஒன்றில், புருஷோத்தமன் என்பவர் ஏறுசுவர் கட்டினார்; மலையேற்றம் தெரிந்தவள் என்று கேள்விப்பட்டு என்னை வேலைக்கு அழைத்துக்கொண்டார். நாற்பது அடி உயரம். பலகைச் சுவரில் கலர் கலராக, கையால் பற்றவும் காலால் மிதிக்கவும் பிளாஸ்டிக் பிடிகள். மேலே உத்தரத்தில் சுற்றி இறங்கும் கயிறு. ஒரு முனையை ஏறுபவரின் இடுப்புப் பட்டையில் கட்டுவோம். மறுமுனையைக் கீழே நிற்பவர் தன் பட்டையில் மாட்டிய பூட்டுக் கருவி வழியாகப் பிடித்திருப்பார். ஏறுபவர் கை நழுவினால் கீழே இருப்பவர் கயிற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் தொழில். அந்த அவ்வளவுதானில் ஓர் உயிர் தொங்கும்.

வாசலில் 'உள்ளரங்கு ஏறுசுவர் மையம்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பலகை வைத்தார்கள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோக்காரர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. "செவுரு ஏர்ற எடமா, குந்துங்க" என்பார்கள். நானும் யாராவது எங்கே வேலை என்று கேட்டால் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன்.

புருஷோத்தமன் சார் அதற்கு முன் தொழிற்சாலைகளுக்குத் தீயணைப்பு சிலிண்டர் விற்றவர். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எந்தக் கம்பெனியில் யார் ஹெச்.ஆர்., அவர் காபி குடிப்பாரா டீ குடிப்பாரா என்பது வரை அவருக்குத் தெரியும். குரலை உயர்த்த மாட்டார். முடியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. எதைக் கேட்டாலும் "பண்ணிடலாம் மேடம்" என்பார். பேனாவை மூடி வைத்துக்கொண்டு சொன்னால் நடக்காது. பேனாவைத் திறந்தபடி சொன்னால் அடுத்த ஆண்டு பார்க்கலாம். எழுந்து நின்று, நம் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டு சொன்னால், அதை அவர் அப்போதே மறந்துவிட்டார் என்று பொருள். இந்த மூன்றையும் பிரித்தறிய எனக்கு ஓராண்டு ஆயிற்று.

அவருக்கு லேமினேஷன் மேல் தனிப் பிரியம். அலுவலகத்தில் அதற்கென்று ஒரு மெஷின் வாங்கி வைத்திருந்தார். பாதுகாப்பு விதிகள், டீ நேரம், முதலுதவிப் பெட்டியின் சாவி அவரிடம்தான் இருக்கிறது என்ற தகவல் எல்லாம் பளபளவென்று சுவரில் தொங்கும். ஒருமுறை பயிற்சி வருகைத்தாளை நாங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே லேமினேட் செய்துவிட்டார். அந்த மாதம் முழுக்க யாருமே வேலைக்கு வராததாகப் பளபளப்பாக ஓர் ஆதாரம் இருந்தது.

எங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் தொழிற்சாலைகள். 'குழு உணர்வு' வளர்க்க ஆட்களைப் பேருந்தில் கொண்டுவந்து இறக்குவார்கள். ஒரு கம்பெனி, கால்விரல் பகுதியில் இரும்பு வைத்த சேஃப்டி ஷூவோடுதான் எல்லோரும் ஏற வேண்டும் என்றது. அது அவர்கள் பாதுகாப்பு விதியாம். அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு எங்கள் சுவரில் ஏறுவது, அம்மிக்கல்லைக் காலில் கட்டிக்கொண்டு ஏறுவது போல. அவர்களுடைய பாதுகாப்பு அதிகாரியிடம் பேசிப் பார்த்தேன். "மேடம், விழுந்தாகூட பரவாயில்ல. ஷூ இல்லாம விழுந்தா எனக்கு மெமோ வரும்" என்றார். கடைசியில் ஷூவைச் சுவரடியில் வரிசையாக வைத்து, அவரவர் ஷூவுக்கு நேரே அவரவர் ஏறலாம் என்று ஒப்புக்கொண்டார். ஷூ 'பணியிடத்தில்' இருக்கிறது என்று பதிவு செய்தோம்.

இன்னொரு கம்பெனியில் மேனேஜர்தான் முதலில் உச்சியைத் தொட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். மேனேஜர் பாதியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டார். அவருக்கு மேலே போய்விட்ட இரண்டு ஆபரேட்டர்கள் அதைப் பார்த்ததும், சொல்லி வைத்தாற்போல் ஒரே நேரத்தில் வழுக்கினார்கள். அவ்வளவு ஒற்றுமையாக விழுந்த இரண்டு பேரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. குழு உணர்வு என்றால் இதுதான் போலும்.

இப்படிப்பட்ட கூட்டத்தைச் சமாளிக்கத்தான் பயிற்றுநர்கள் வேண்டும். அவர்களுக்குச் சான்றிதழ் தருவது வேறு ஊரில் இருந்த ஒரு சங்கம். சங்கத்தின் சார்பில் தேர்வு வைப்பவள் நான். எனக்குச் சம்பளம் கொடுப்பவர் புருஷோத்தமன். தேர்வு எழுதுபவர்களுக்கு முதலாளியும் அவரே.

தேர்வில் எழுத்துப் பகுதியும் உண்டு, ஆனால் நான் உட்கார்ந்து பார்ப்பது இரண்டே விஷயங்களை. முதலாவது, ஏறுவதற்கு முன் செய்யும் சோதனை. ஏறுபவரின் இடுப்புப் பட்டைக் கொக்கி, கால்பட்டைக் கொக்கிகள், எட்டு முடிச்சு, பிடிப்பவரின் பூட்டுக் கருவி, அதன் வளையத்தின் திருகு. இந்த வரிசை மாறக் கூடாது. ஒவ்வொன்றையும் கையால் தொட்டு, வாயால் சொல்ல வேண்டும். கண்ணுக்கு வேலையே இல்லை, ஏனென்றால் கண் நேற்றுப் பார்த்ததையே இன்றும் பார்த்துவிடும். எட்டு முடிச்சில்தான் அதிகம் நிற்பேன். கயிற்றில் முதலில் எட்டு வடிவில் ஒரு முடிச்சுப் போட்டு, நுனியை இடுப்புப் பட்டையின் கண்ணிகளில் நுழைத்து, அதே எட்டின் வழியே தொடக்கத்திலிருந்து கடைசிவரை திரும்பக் கொண்டுவர வேண்டும். பாதியில் விட்டாலும் பார்க்க முடிச்சு மாதிரியேதான் இருக்கும். மேலே ஏறும்வரை ஒன்றும் ஆகாது. கயிற்றில் எடை விழும்போதுதான் உருவிக்கொள்ளும்.

இரண்டாவது, விழுதல். தேர்வு எழுதுபவர் கயிறு பிடிக்க, நானே ஏறுவேன். எங்கே என்று சொல்லாமல் கையை விடுவேன்.

முதல் குழுவில் ஒரு ஜிம் மாஸ்டர் வந்திருந்தார். தோள் இரண்டும் தவலை மாதிரி. நான் பாதிச் சுவரில் கையை விட்ட நேரத்தில் அவர் கயிற்றை விட்டுத் தலைமுடியைச் சரிசெய்து கொண்டிருந்தார். என் முழங்கால் மெத்தையைத் தொட்ட பிறகுதான் கயிறு நின்றது. தோல்வி என்று எழுதினேன். புருஷோத்தமன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மத்தியானம் ஒரு தடவ வச்சுக்கலாமா மேடம்?"

"எதுக்கு சார்?"

"இன்ஸ்ட்ரக்டர்னு டி-ஷர்ட் அடிச்சாச்சு. அவர் சைஸ் வேற யாருக்கும் செட் ஆகாது."

அந்த டி-ஷர்ட் பிறகு தரை துடைக்கப் பயன்பட்டது. நல்ல துணி.

இசக்கியம்மாள் எங்களிடம் வந்தது ஷூ கவுண்டருக்கு. வள்ளியூர்ப் பக்கம். நாற்பதை நெருங்கும் வயது. ஒரு செல்போன் தொழிற்சாலையில் லைனின் கடைசியில் நின்று, வரும் போன்களைத் திருப்பிப் பார்த்து ஓகே, ரிஜெக்ட் என்று பிரிப்பதே பல வருடம் அவளுக்கு வேலை. ஒப்பந்தம் முடிந்து அனுப்பிவிட்டார்கள். ஆறு பெண்களோடு வாடகை அறையில் இருந்தாள். மகள் ஊரில் அத்தை வீட்டில் படித்தாள். பதினொன்றாம் வகுப்புக்கு மகளை இங்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பதுதான் அவளுடைய திட்டம். அதற்குத் தனி வீடு வேண்டும். தனி வீடு கொடுக்க, நிரந்தர வேலை என்று ஒரு கடிதம் கேட்டார்கள். பயிற்றுநர் ஆனால் அந்தக் கடிதம் கிடைக்கும்.

உயரம் அவளுக்குப் பயம். மேலே போகும்போது கால் தையல் மெஷின் போல ஆடும். ஆனாலும் போய்த் தொட்டுவிட்டு இறங்குவாள். வேகமாக ஏறுவதில் அவளோடு பயிற்சி எடுத்த டில்லிதான் ஆள். வல்லக்கோட்டைக்காரன், பிடிகளைத் திருகி மாட்டும் ஃபிட்டராக வந்தவன். பல்லி மாதிரி போவான். ஆனால் கயிறு பிடிக்கும்போது அவன் எங்களோடு பேசிக்கொண்டே இருப்பான், இசக்கி ஒரு வார்த்தை பேச மாட்டாள். தலையைப் பின்னால் சாய்த்து ஏறுபவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். புருஷோத்தமன் தேர்வுத்தாளில் சொந்தமாக ஒரு வரி சேர்த்திருந்தார்: வாடிக்கையாளரிடம் இன்முகம், பத்து மதிப்பெண். அதில் அவளுக்கு இரண்டைத் தாண்டியதில்லை.

"சிரிச்சாதான் என்னம்மா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சிரிச்சுக்கிட்டு மேல பாத்தா பல்லுல தூசி விழுது மேடம்" என்றாள்.

இருவருக்கும் தேர்வு நாளை நான் குறித்தேன். அதே நாளில் இரண்டாவது சுவரின் திறப்பு விழாவைப் புருஷோத்தமன் வைத்தார். ஒரே ஷாமியானாவில் இரண்டும் முடிந்துவிடுமே என்றார். ஒரு பெரிய தொழிற்சாலையின் ஹெச்.ஆர். தலைவர் சிறப்பு விருந்தினர். வருடம் முழுக்க அவர்களுடைய ஆட்களை எங்களிடம் அனுப்பும் ஒப்பந்தம் அவர் கையில் இருந்தது.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். விருந்தினர் திரும்பப் புருஷோத்தமனுக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். ஜரிகை போட்ட, இடுப்புக்குக் கீழே தொங்கும் நீளப் பொன்னாடை. பிறகு மைக்கில் அறிவித்தார்கள்: புதிய சுவரில் முதலில் ஏறப்போவது புருஷோத்தமன், கயிறு பிடிக்கப்போவது, ஷூ கவுண்டரிலிருந்து உயர்ந்து வந்திருக்கும் பெண் பயிற்றுநர். அதையே இசக்கியின் தேர்வாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்று என்னிடம் காலையில்தான் சொல்லியிருந்தார். சரி என்றேன். அது என் முதல் தவறு.

அவர் முடிச்சைத் தானே போட்டுக்கொண்டார். நான் சொல்லிக் கொடுத்ததுதான், அவருக்குத் தெரியும். நடுவில் போன் வந்தது. கேட்டரிங்காரர். பாதிக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, பாயசம் எங்கே வருகிறது என்று விசாரித்தார். பேசி முடித்ததும் பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார். நான் பொன்னாடையைக் கழற்றச் சொன்னேன். போட்டோகிராபர், வேண்டாம் மேடம், கலர் நல்லாருக்கு என்றார். விட்டுவிட்டேன்.

தேர்வு வைப்பவள் என்ற முறையில் முதலில் நான் சோதனை செய்தேன். இடுப்புக் கொக்கியைத் தொட்டேன். கால்பட்டைகளைத் தொட்டேன். முடிச்சுக்கு மேல் பொன்னாடை தொங்கியது. விருந்தினர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். முதலாளியின் வயிற்றுக்கு நேரே, இத்தனை பேர் முன்னால், துணியைத் தூக்கிப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பொன்னாடைக்குள் கயிறு போவது தெரிந்தது. "சரி" என்று வாயால் சொன்னேன். இத்தனை ஆண்டுகள் இதற்காகத்தான் எத்தனையோ பேரைத் தோல்வி என்று எழுதியிருக்கிறேன்.

அடுத்து இசக்கி சோதிக்க வேண்டும். அவள் முறை வந்தது. கொக்கிகளைத் தொட்டாள். நிறுத்தினாள்.

"சார், துணிய எடுங்க."

புருஷோத்தமன் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார். "மேடம் பாத்துட்டாங்கம்மா."

"மேடம் துணியத்தான் பாத்தாவ. முடிச்சப் பாக்கல."

"இசக்கி, எல்லாரும் வெயிட் பண்றாங்க."

"நான் பிடிக்க மாட்டேன் சார்."

தன் பட்டையிலிருந்து பூட்டுக் கருவியைக் கழற்றி மெத்தைமேல் வைத்தாள். மைக் மட்டும் லேசாக இரைந்துகொண்டிருந்தது. நான் போய்ப் பொன்னாடையைத் தூக்கினேன். கயிற்றின் நுனி கண்ணிகளில் நுழைந்து, எட்டின் முதல் வளைவில் மட்டும் திரும்பி வந்து, அங்கேயே நின்றிருந்தது. இரண்டு விரலால் இழுத்தேன். கையோடு வந்துவிட்டது.

புருஷோத்தமன் என் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு அப்போது அவர்மேல் இரக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இரக்கம் நீடிக்க அவர் நேரம் தரவில்லை. திரும்பி மைக்கை வாங்கினார்.

"நண்பர்களே, நீங்க இப்ப பாத்தது ஒரு மாக் டிரில். எங்க சென்டர்ல பாதுகாப்பு எந்த லெவல்ல இருக்குன்னு காட்டத்தான் இந்த ஒத்திகை."

கைதட்டல் ஓயவே இல்லை. ஹெச்.ஆர். தலைவர் எழுந்து நின்று தட்டினார். இதே ஒத்திகையைத் தங்கள் தொழிற்சாலையிலும் செய்து காட்ட முடியுமா என்று கேட்டார். புருஷோத்தமன் அவர் தோளுக்கு மேலே எதையோ பார்த்தபடி பண்ணிடலாம் என்றார். அவர் ஏறவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிவிட்டார். பாயசம் வந்துவிட்டது.

மத்தியானம் அறைக்குக் கூப்பிட்டார்.

"ரிப்போர்ட்ல மாக் டிரில்னே போட்டுடுங்க மேடம். இசக்கி நல்லா நடிச்சான்னு, ஐ மீன், நல்லா ரெஸ்பான்ட் பண்ணான்னு முழு மார்க் போடுங்க. அவளும் பாஸ், டில்லியும் பாஸ். உங்களுக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல."

அவர் சொன்னது தப்புக் கணக்கு இல்லை. சங்கத்தின் விதியில், தேர்வு வைப்பவரே சோதனையில் தவறினால் அன்றைய தேர்வு முழுதும் செல்லாது. எல்லோரும் மாதக்கணக்கில் காத்திருந்து மறுபடி எழுத வேண்டும். நான் உண்மையை எழுதினால் என் தகுதி போகும். அதோடு, உண்மையைக் கண்டுபிடித்தவளுக்கு வேலையும் வீடும் மகளும் தள்ளிப் போகும். பொய் எழுதினால் எல்லோரும் தேறிவிடுவார்கள். இப்படி ஒரு நிலைமைக்கு ஹவில்தார் எந்த முடிச்சும் சொல்லித் தரவில்லை.

முதலில் டில்லியிடம் சொன்னேன்.

"உண்மைய எழுதுங்க மேடம். ஆனா எங்களுக்கு சர்டிபிகேட் வர்ற மாதிரி எழுதுங்க."

இசக்கி ஷூ கவுண்டரில் இருந்தாள். விழாவுக்கு வந்தவர்கள் கழற்றிப் போட்ட ஷூக்களுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தாள். விதியைச் சொன்னேன். மகளின் படிப்பையும் நானே சொன்னேன். அவள் சொல்லட்டும் என்று இருந்திருக்கலாம்.

அவள் கையில் இருந்த ஷூவை முழுதாக முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"போன் கம்பெனில நாங்க ரிஜெக்ட் போடுத பீஸ, சூப்பர்வைசர் வேற ஸ்டிக்கர் ஒட்டி மறுபடி லைன்ல விடுவாவ. அது சுத்தி எங்கிட்டயே வரும். ரெண்டாந்தரம் ஓகேன்னு விட்ருவேன். சம்பளம் வேணும்லா."

"அதனால?"

"மாக் டிரில்னு எழுதுனீயன்னா, நான் பிடிக்க மாட்டேன்னு சொன்னதும் ஒத்திகைதான்னு ஆயிரும். நான் ஒத்திகைக்குச் சொல்லல மேடம். அந்த மனுசன் செத்துருவாருன்னு சொன்னேன்." அடுத்த ஷூவை எடுத்தாள். "எழுதுங்க."

எழுதினேன். சங்கத்தின் விபத்துப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: கருவி, வாடிக்கையாளர், வானிலை. தேர்வாளருக்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் என் பெயரை எழுதி, முதலாளி என்பதால் துணியைத் தூக்கிப் பார்க்கவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இரண்டு வாரம் கழித்துச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அன்றைய வானிலை குறித்த விவரம் விடுபட்டிருக்கிறது என்றது. கட்டடத்துக்குள் ஃபேன் ஓடியது என்று பதில் போட்டேன். பிறகு ஆறு மாதத் தடை வந்தது. நானும், அன்று தேர்வு எழுதிய இருவரும், வெளியிலிருந்து வரும் தேர்வாளரிடம் மறுபடி தேர்வு எழுத வேண்டும்.

புருஷோத்தமன் கோபப்படவில்லை.

"என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே மேடம்."

"கேட்டிருந்தா என்ன சார் சொல்லியிருப்பீங்க?"

அவர் உண்மையிலேயே யோசித்தார். "பண்ணிடலாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார்.

ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்துவிட்டது. மாக் டிரில் அவ்வளவு பிடித்துப்போயிருந்தது அவர்களுக்கு. அதற்கு வந்த பாராட்டுக் கடிதம் வரவேற்பறையில் பளபளவென்று தொங்கியது. பயிற்றுநர்களை வேறு மையத்திலிருந்து வாடகைக்கு அழைத்துக்கொண்டார். என்னைப் பிறந்தநாள் விழாப் பிரிவுக்கு மாற்றினார். ஆறு மாதம் பலூன் ஊதினேன். ஆறு மாதத்தில் ஒரு பலூன்கூடக் கட்டவிழ்ந்து போகவில்லை என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

இசக்கியின் மகள் அந்த ஜூனில் வரவில்லை. பதினொன்றாம் வகுப்பை ஊரிலேயே சேர்ந்தாள். அந்த வாரம் இசக்கி என்னோடு அதிகம் பேசவில்லை. ஒருநாள் டீ குடிக்கும்போது நானே கேட்டேன்.

"என்மேல வருத்தமா இசக்கி?"

"எழுதுங்கன்னு சொன்னது நாந்தான மேடம்" என்றாள். டீயை முடித்தாள். "இன்னைக்குக் கேட்டீயன்னா என்ன சொல்லுவேனோ."

இரண்டு தம்ளரையும் நானே கொண்டுபோய்க் கழுவினேன்.

ஆறு மாதம் கழித்து வெளித் தேர்வாளர் வந்தார். என்னைவிட வயதில் மூத்தவர், இனிமையானவர், பேச்சுக்காரர். நான் எந்த ஆண்டு மலைப் பயிற்சி எடுத்தேன், எந்த முகாம், அங்கே யார் யாரைத் தெரியும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டில்லியின் தேர்வு காலையில் முடிந்துவிட்டது. அவன் தன் வாழ்நாளிலேயே முதல்முறையாக முழுதாகப் பதினைந்து நிமிடம் வாயைத் திறக்காமல் கயிறு பிடித்துத் தேறினான். அடுத்து நானும் இசக்கியும். ஏறுபவள் நான், பிடிப்பவள் அவள். கையை எங்கே விட வேண்டும் என்பதைத் தேர்வாளர் என் காதில் மட்டும் சொல்லியிருந்தார்.

நான் முடிச்சைப் போட்டேன். அவர் எனக்குத் தெரிந்த ஒரு பழைய நண்பரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன். நுனியை இழுத்து இறுக்கிவிட்டு நிமிர்ந்தேன்.

இசக்கி குனிந்தாள். இடுப்புக் கொக்கியைத் தொட்டுச் சொன்னாள். கால்பட்டைகளைத் தொட்டுச் சொன்னாள். முடிச்சுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். ஒவ்வொரு வளைவாக விரலை ஓட்டினாள். மறுபடியும் ஓட்டினாள்.

"அம்மா, அவங்க ரொம்ப சீனியர்" என்றார் தேர்வாளர், இனிமையாகவே.

இசக்கி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அவுத்துட்டு மறுபடி கெட்டுங்க மேடம்."

"தப்பா இருக்கா?"

"சரியாத்தான் இருக்கு. கெட்டும்போது நீங்க பேசிக்கிட்டு இருந்தீய."

எனக்குள் இருந்த பழைய டீச்சர் ஒரு நொடி விழித்துக்கொண்டாள். சரியாக இருக்கும் முடிச்சை, வெளியாள் முன்னால், அவிழ்க்கச் சொல்கிறாள். அவள் காத்திருந்தாள். தேர்வாளர் எதையோ சொல்ல வாயெடுத்து, எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, தன் தாளைப் பார்த்துக்கொண்டார்.

அவிழ்த்தேன். கயிற்றின் நுனியைக் கண்ணிகளில் நுழைத்து, எட்டின் தொடக்கத்திலிருந்து கடைசிவரை, யாரிடமும் பேசாமல் கட்டினேன். அவள் மறுபடி முதலிலிருந்து தொட்டுக்கொண்டு வந்தாள். கொக்கி, பட்டை, பட்டை, முடிச்சு. பிறகு தன் பூட்டுக் கருவி, அதன் திருகு.

"ஏறுங்க" என்றாள்.